நடந்தே நிலம் சேர்த்த வினோபா

ஓமந்தூரில் நிலத்தைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் நாம் தொட்டில் முதல் கேட்டு வளர்ந்த கதைகள். நம் ஊர் பெற்ற ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த 1948-இல்தான் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், கையில் சட்டமும் அதிகாரமும் இல்லாத ஒரு மெலிந்த மனிதர், கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று நிலம் கேட்கத் தொடங்கினார். அவரே ஆசாரிய வினோபா பாவே.

மகாராஷ்டிரத்துக் காகோதே கிராமத்தில் 1895 செப்டம்பர் 11 அன்று பிறந்தவர். தாயார் ருக்மிணி. வீட்டில் பலாப்பழம் அறுத்தால் முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சுளைகளைக் கொடுத்துவிட்டு வரவேண்டும், மீதிதான் பிள்ளைகளுக்கு. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய சிறுவன்தான் பிற்காலத்தில் நாடெங்கும் கொடுக்கச் சொல்லி நடந்தார் என்று எண்ணும்போது நமக்கு அந்தத் தாயின் மேல்தான் கண் போகிறது.

1916-இல் பரீட்சை எழுதப் பம்பாய்க்குப் புறப்பட்டவர் வழியில் சூரத்தில் இறங்கிக் காசிக்குப் போய்விட்டார். (நம் மாணவியர் இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) அதே ஆண்டு ஜூன் மாதம் காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தார். 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கு முதல் ஆளாக அடிகள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். 1942-க்குப் பின் வேலூர்ச் சிறையில் அடைபட்டிருந்த நாட்களில் தமிழ் உட்பட நான்கு தென்மொழிகளையும் கற்றார். சிறைக்குள் கற்ற பாடம் பதினான்கு ஆண்டுகள் கழித்து நம் நாட்டிலேயே அவருக்குப் பயன்பட்டது.

1951 ஏப்ரல் 18. தெலுங்கானாவில் நிலச்சுவான்தார்களுக்கும் புரட்சிக்காரர்களுக்கும் இடையே இரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம். போச்சம்பள்ளி என்னும் ஊரில் 40 அரிசனக் குடும்பத்தார் பிழைக்க 80 ஏக்கர் வேண்டும் என்றனர். அரசுக்கு எழுதலாம் என்று எண்ணிய வினோபா, கூடியிருந்தோரையே முதலில் கேட்டுப் பார்த்தார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அன்றிரவு வினோபாவுக்குச் சரியான உறக்கமில்லை. காலையில் அடுத்த ஊருக்கு நடந்தார். அங்கும் கேட்டார்.

அப்போது அவருக்கு வயது 55. வயிற்றுப் புண்ணும் உண்டு. விடியுமுன் அரிக்கன் விளக்குடன் கிளம்பி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் தம்மை ஆறாவது பிள்ளையாக எண்ணிப் பங்கு தரும்படி கேட்பார். தில்லிக்கு வரும்படி நேரு அழைத்தபோதும் வண்டி ஏறவில்லை. இரண்டு மாதம் நடந்தே சென்றார். பீகாரில் மட்டும் 27 மாதங்கள். அங்கே தேவ்கரில் அரிசனங்களுடன் கோயிலுக்குச் சென்றபோது அடிபட்டு ஒரு காதின் கேள்வி போயிற்று. பூரியில் உடன் வந்த பிரெஞ்சுப் பெண்ணை உள்ளே விடமாட்டோம் என்றதும், தாமும் நுழையாமல் வாசலிலிருந்து திரும்பிவிட்டார். 1958-இல் பண்டரிபுரத்துக் கோயில் கதவு, கிறிஸ்தவரும் முஸ்லிமும் உடன்வர, அவருக்குத் திறந்தது.

1956 மே மாதம் தமிழகம் வந்தார். காஞ்சியில் சர்வோதய மாநாடு. ஏறத்தாழ ஓராண்டு நம் மாவட்டங்களில் நடந்துவிட்டு, 1957 ஏப்ரலில் குமரி முனையைத் தொட்டுக் கேரளத்துக்குள் நுழைந்தார். பிறகு மைசூர், குஜராத், காஷ்மீரத்துப் பீர் பஞ்சால் மலை, அஸ்ஸாம், அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் என்று மாநிலம் மாநிலமாக நடை நீண்டது. 1964 ஏப்ரலில்தான் புறப்பட்ட பவுனார் ஆசிரமத்துக்கு மீண்டார். பதின்மூன்று ஆண்டுகள்!

எல்லாம் வெற்றி என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது. அவர் குறி வைத்தது 5 கோடி ஏக்கர். கிடைத்தது சுமார் 42 இலட்சம். அதிலும் ஒரு பகுதி கல்லும் கரம்பும். ஒரு பகுதி வழக்கில் சிக்கியது. வாய்ச்சொல்லாகவே நின்ற தானங்களும் உண்டு. நிலம் கிடைத்த ஏழைக்கு மாடும் விதையும் இல்லாமல் போனதும் உண்டு. கொடுப்பதைக் கேட்ட அளவுக்கு, கொடுத்ததைச் சேர்ப்பிக்க ஆட்கள் இல்லை என்பதே நம் கருத்து. ஆயினும் வாள் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்று வாயால் கேட்டே இத்தனை இலட்சம் ஏக்கர் பெற்றவரை வேறெங்கே காண்போம்? 1958-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

நடையின் நடுவே, 1959-இல், பவுனாரில் பெண்களுக்கென்றே பிரம்ம வித்யா மந்திர் என்னும் இல்லத்தை நிறுவினார். அங்கே தலைவி என்று ஒருவரும் இல்லை. எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பர். தோட்ட வேலை, சமையல், துப்புரவு அனைத்தையும் சகோதரியரே பங்கிட்டுக்கொண்டனர். ‘மைத்ரி’ என்ற இந்திப் பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. தாம் நதிக்கரையிலுள்ள அந்த இல்லத்தில்தான், 1982 நவம்பரில், உணவையும் மருந்தையும் தாமே நிறுத்திக்கொண்டு, 15-ஆம் நாள் அவர் கண் மூடினார்.