கபச்சுரப்பியின் நோய் கண்ட ஹார்வி குஷிங்

உருவிற் சிறியதெல்லாம் ஆற்றலிற் சிறியதன்று. நம் மூளையின் அடியில், மூக்கறைக்குப் பின்னே, எலும்புக் குழியொன்றிற் கடலைப் பருமனில் அமைந்திருக்கும் கபச்சுரப்பியே இதற்குச் சான்று. வளர்ச்சி, மகப்பேறு, உடலின் தென்பு ஆகியவற்றை ஓமோன்களாற் கட்டியாளும் இச்சுரப்பியிற் கட்டி தோன்றின், மனிதனின் தோற்றமே மாறிவிடுதலும் உண்டு. அயலார் அதைத் தின்ற கொழுப்பென்பர், கண்ணூறென்பர், கிரகதோஷமென்பர். அது நோயென்றும், தீர்க்கத்தக்க நோயென்றும் உலகுக்கு உணர்த்தியவர்களுள் தலையாயவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியராவார்.

குஷிங் 1869 ஆம் ஆண்டு ஏப்ரில் 8 ஆந் திகதி, ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், வைத்தியர் குடும்பமொன்றிற் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, ஹாவார்ட்டில் வைத்தியம் பயின்றார். மயக்கமருந்து கொடுக்கும் வேலையை மாணவரிடமே விட்டுவிடும் வழக்கம் அன்றிருந்தது. அவ்வாறு அவர் மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் உயிர்நீத்தார். மனமுடைந்த மாணவர் படிப்பையே துறக்க எண்ணினார். ஆயினும் துறக்கவில்லை. உடன்பயின்ற கொட்மனோடு சேர்ந்து, மயக்கத்திலிருப்பவரின் நாடியையும் சுவாசத்தையும் இடைக்கிடை குறித்துவைக்கும் அட்டவணையொன்றை வகுத்தார். கண்டதை எழுதிவைத்தலும் எழுதியதை மறவாதிருத்தலும் அன்று தொட்டு அவர் வாழ்வின் நியதியாயின.

பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹால்ஸ்ரெட் என்னும் பேராசானிடம் சத்திரசிகிச்சை கற்றார். மூளைக் கட்டிக்குக் கத்தி வைத்தோரிற் பலர் மாண்ட அந்நாளில், அவசரமின்றி, இரத்தச் சேதத்தைக் குறைத்து, மென்மையாகக் கைவைக்கும் முறையை அங்கே பழகினார். 1909 இல், கைகால்களும் முகமும் அளவிறந்து பருத்த விவசாயி ஒருவரின் சுரப்பியிற் ஒரு பகுதியை அகற்றினார். நோயாளி தேறினார். சுரப்பி மிகையாகச் சுரப்பதே அந்நோயின் காரணமென்பது இதனாற் துலங்கிற்று.

1910 இன் இறுதியில் 23 வயது யுவதி ஒருவர் அவரிடம் வந்தார். முகம் வட்டமாகி, உடல் பருத்து, தோலில் ஊதாநிறக் கோடுகள் படர்ந்து, மாதவிடாயும் நின்றிருந்தது. 1912 இல் வெளியிட்ட நூலில் அவரது நிலையை நுணுக்கமாக எழுதிய குஷிங், காரணத்தை அறுதியிட்டுரைக்க அவசரப்படவில்லை. ஒத்த நோயாளரின் விபரங்களை இருபதாண்டு திரட்டினார். அவர்களுள் இறந்தோர் சிலரின் கபச்சுரப்பியில் மிகச் சிறிய கட்டிகள் காணப்பட்டமையை ஆதாரமாகக் கொண்டு, 1932 இல் தம் முடிபை வெளியிட்டார். குஷிங் நோய் என இன்று வழங்குவது அதுவே.

அன்னார் கடுமையான மனிதர்; உதவியாளர்கள் அவர்முன் நடுங்குவர். தம்மிடத்தும் அவ்வாறே கடுமை காட்டினார். 1926 இல் மூத்த மகன் வாகன விபத்தில் மாண்ட செய்தி கிட்டியபோதும், அன்று குறித்திருந்த சத்திரசிகிச்சையைச் செய்துமுடித்தார். 1939 ஒக்ரோபர் 7 இல் அவர் மறைந்தபின் நடந்த பரிசோதனையில், அவரது மூளையின் நடுவறையிலும் சிறு கட்டியொன்று காணப்பட்டது.

மூக்கின் வழியே கபச்சுரப்பியை அடையும் முறையைச் செம்மைப்படுத்திய குஷிங், பிற்காலத்தில் அதனைக் கைவிட்டார். அவரிடம் பயின்ற எடின்பரோ வைத்தியர் நோமன் டொட் அதை விடாது பேணினார். டொட்டிடமிருந்து பிரான்சின் கியோவும், கியோவிடமிருந்து கனடாவின் ஹார்டியும் கற்றனர். இன்று அதுவே முதன்மை வழியாயிற்று. குஷிங்கிடம் பயின்ற மற்றொருவர் பென்ஃபீல்ட். பென்ஃபீல்டிடம் கற்ற ஜேக்கப் சாண்டி, 1949 இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடக்கினார். குருசிஷ்ய பரம்பரை கடல் கடந்தும் தழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரியோர்களே, இளைஞர்களே! மோதிரமும் செருப்பும் காரணமின்றி இறுகுதல், பக்கப்பார்வை மங்குதல், ஓயாத தலையிடியோடு பார்வை குறைதல், முகம் வட்டமாகி ஊதாக்கோடுகள் தோன்றுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள். ஸ்டீரொயிட் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வதாலும் இவ்வட்டமுகம் வரும். ஆயினும் வைத்தியரைக் கேளாது அவற்றைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. படமும் இன்று உண்மையைக் காட்டும். உருமாறிய ஒருவரைக் கண்டு நகைப்பது எளிது. அவரை இருபதாண்டு மறவாதிருந்தார் ஒருவர். அதனால் எத்தனையோ பேர் பிழைத்தனர்.