கணக்குப் போட அலுத்தவர்!

குட்டீஸ்... ஒரே மாதிரியான கணக்கை நூறு முறை போடச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அலுப்புத் தட்டும் இல்லையா? அப்படி அலுத்துப்போன ஒரு மாணவர், கணினியையே உருவாக்கி விட்டார். அவர்தான் கொன்ராட் சூசே!

ஜெர்மனியின் பெர்லின் நகரில், 1910ம் ஆண்டு, ஜூன் 22ம் தேதி பிறந்தார் சூசே. அங்கேயே கட்டடப் பொறியியல் படித்தார். ஒரு பாலம் கட்டும் முன், அதன் ஒவ்வொரு உத்திரமும் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட வேண்டும். ஓர் உத்திரத்தில் மாற்றம் செய்தால், மற்ற உத்திரங்கள் தாங்கும் பாரமும் மாறும். எனவே, பல சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்க்க வேண்டும். ஓரிடத்தில் தப்பு வந்தால், மறுபடியும் முதலிலிருந்து!

வேலையை எளிதாக்க, கட்டங்கள் போட்ட தாள் ஒன்றை சூசே தயாரித்தார். எந்தக் கட்டத்து எண்ணை எதனுடன் பெருக்க வேண்டும், விடையை எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. வரிசைப்படி செய்ய வேண்டிய இந்த வேலையை, ஓர் இயந்திரமே செய்தால் என்ன?

படிப்பு முடிந்து, 1935ல் ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கும் அதே கணக்குகள்தான்! வேலையை விட்டுவிட்டு, பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே இயந்திரம் செய்யத் தொடங்கினார். நண்பர்கள் பணம் தந்தனர். தகடுகளை அறுத்தும் கொடுத்தனர். பழைய சினிமா பிலிமில் துளையிட்டு, இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தார் சூசே. 1938ல் முடிந்த 'இசட் 1' அடிக்கடி சிக்கிக்கொண்டது. ஆனால், அவர் மனம் தளரவில்லை.

தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட 'ரிலே'க்கள் சுமார் 2,000 கொண்டு, 1941ல் 'இசட் 3' தயாரானது. கட்டளைப்படி தானாகவே கணக்கிட்ட முதல் கணினி இதுதான்! ஆனால், அது இரண்டாம் உலகப் போர்க்காலம். அவர் செய்த வேறொரு கருவி, பறக்கும் குண்டுகளின் இறக்கைகளைக் கணக்கிடவும் பயன்பட்டது. அதே போர் அவரையும் விடவில்லை. பெர்லினில் விழுந்த குண்டுகள், 'இசட் 1', 'இசட் 3' இரண்டையும் அழித்துவிட்டன.

மிஞ்சியது 'இசட் 4' மட்டுமே. 1945ல் அதை பெர்லினிலிருந்து வெளியேற்றி, ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஒளித்து வைத்தார். 1949ல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவர் கொடுத்த சமன்பாட்டை 'இசட் 4' சரியாகத் தீர்த்துக் காட்டியது. அடுத்த ஆண்டே சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதை வாடகைக்கு எடுத்தது. விமான இறக்கைக் கணக்குகளும் அதில் போடப்பட்டன.

1949ல் சூசே தொடங்கிய நிறுவனம், 251 கணினிகளைத் தயாரித்தது. ஆனால், கடன் பெருகி, 1960களில் அது வேறு நிறுவனங்களின் கைக்குப் போனது. அப்போதும் அவர் சோர்ந்துவிடவில்லை. அழிந்துபோன 'இசட் 1'ஐ, எழுபது வயதைக் கடந்த பிறகு மீண்டும் செய்து முடித்தார்! அதை பெர்லின் அருங்காட்சியகத்தில் காணலாம். 1995 டிசம்பர் 18ல் அவர் மறைந்தார்.

இன்று பாலமும் அடுக்குமாடியும் கட்டும் பொறியாளர்கள், அந்தப் பெரிய கணக்குகளைக் கணினி மென்பொருளிடம் கொடுத்துவிடுகின்றனர். அடுத்த முறை ஒரு மேம்பாலத்தைக் கடக்கும்போது, அலுப்பிலிருந்து கணினியைப் படைத்த சூசேயை நினைத்துக்கொள்ளுங்கள், குட்டீஸ்!