பழி ஒருவருடையதன்று

என் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். பரம்பரை நோயோடு பிறந்த என் தம்பி மறைந்தபோது உறவினர்கள் அம்மாமீதே பழி சுமத்தினர். பல்கலைக்கழகத்தில் மரபியல் பயின்றபோதுதான் ஆர்ச்சிபால்ட் காரோட் எனக்கு அறிமுகமானார்.

1857இல் லண்டனில் பிறந்த இம்மருத்துவர், காற்றுப் பட்டதும் சிறுநீர் கருத்துவிடும் அல்காப்டோனூரியா என்னும் அரிய நோயை ஆராய்ந்தார். நோயுற்றோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவுக்குள் மணந்தவர்கள் என்பதைக் கண்டார். தாய், தந்தை இருவரிடமும் வெளித்தெரியாமல் மறைந்திருக்கும் கூறு பிள்ளையிடம் ஒன்றுசேரும்போதே இந்நோய் தோன்றுகிறது என்னும் விளக்கத்தை, உயிரியலாளர் பேட்சனின் துணையோடு 1902இல் வெளியிட்டார். மெண்டலின் விதியை மனித நோயில் முதன்முதலில் காட்டிய ஆய்வு அதுவே. 1909இல் இத்தகைய பிறவிக் குறைபாடுகளைப் பற்றி நூலும் எழுதினார். அன்றைய மருத்துவ உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

போரில் இரு மகன்களையும் பின்னர் நோயில் மூன்றாம் மகனையும் இழந்த காரோட், 1936இல் மறைந்தார். 1958இல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் பீடில், தம் உரையில் அவரையே முன்னோடியாகப் போற்றினார்.

தம்பியின் நோயும் அவ்வகையே. விடுமுறையில் இதை அம்மாவிடம் தமிழில் விளக்கினேன். அவர் அப்பாவையும் அழைத்து, மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.