ஹாப்கின்

எம் கருமத்தம்பட்டியினின்று கோவைக்குச் செல்வோர் பிளேக் மாரியம்மன் கோயிலை அறிவர். அக்கொள்ளை நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டவரை அறிந்தார் சிலரே. 1860இல் ஒடெஸ்ஸாவிற் பிறந்த வால்டெமர் ஹாப்கின், 1897 ஜனவரியில் பம்பாயில் அம்மருந்தை முதற்கண் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்.

1902இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஊசி பெற்ற 107 பேரில் 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாப்கின்மீது விழுந்தது, பதவியும் போயிற்று. ஆயினும், மாண்டவர் அனைவரும் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்றவர். ஏனைப் புட்டிகளின் மருந்தைப் பெற்ற 88 பேருக்கும் யாதொரு தீங்குமில்லை. அப்புட்டியைத் திறக்குங்கால் உதவியாளர் ஒருவர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, செவ்வனே தூய்மை செய்யாது மீண்டும் எடுத்தாண்டார். நச்சுக்கிருமி ஆய்வுச்சாலையிலேயே புகுந்திருப்பின், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும், வீசவில்லை. கண்முன் கிடந்த இச்சான்றுகளை நோக்குவார்தாம் இல்லை!

ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் வாதாடிய பின்னரே பழி நீங்கிற்று. 1907இல் ஹாப்கின் கல்கத்தாவில் மீண்டும் பணியேற்றபோது ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன.