மென்லுங் பனியாற்றில் ஓர் அடிச்சுவடு

இலங்கையிற் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஐரோப்பியர் சிலருள் எரிக் ஷிப்டனும் ஒருவர். இமயமலை வரைபடத்தில் வெறுமையாய்க் கிடந்த பகுதிகள் பலவற்றை நிரப்பியவர் அவர். எவரெஸ்ட் சிகரத்துக்குத் தென்புறமாக ஏறும் வழியைக் கண்டறிந்த குழுவின் தலைவரும் அவரே. ஆயினும் அவர் பெயரைக் கேட்டவுடன் உலகம் நினைவு கூர்வது இவற்றுள் ஒன்றையுமன்று. பனியிற் பதிந்த ஓர் அடிச்சுவட்டின் நிழற்படத்தையே. பனிமனிதன் என்றொரு பிராணி உண்டா, இல்லையா என்று எழுந்த பெருவழக்கிலே அந்தப் படம் இற்றைவரை முதற் சான்றாகக் காட்டப்பட்டு வருகிறது. அதனை எடுத்தவரோ உயிரோடிருந்த காலத்திற் சாட்சியாக நின்றார்; இறந்த பின்னர் குற்றஞ் சாட்டப்பட்டவரானார்.

ஷிப்டன் 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் தேயிலைத் தோட்டத் துரை. மகனுக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். எட்டாவது வயதில், கல்வியின் பொருட்டுத் தாயார் மகனை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். பள்ளிக்கூடம் அவருக்குச் சிறையாகவே இருந்தது. எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பதிற் பெருந் தடுமாற்றமுடையவராயிருந்த அவரை மந்த மாணவனென்றே ஆசிரியர்கள் கருதினர். பின்னாளிலே தெளிந்த ஆங்கிலத்தில் நூல்கள் பல எழுதியவர் இவர்தாம் என்பதை ஆசிரியராயுள்ள வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1928 இல் கோப்பித் தோட்டத் தொழிலை நாடி அவர் கென்யாவுக்குப் போனார். தோட்டத்திலும் பார்க்க மலையே அவரைக் கவர்ந்தது. 1929 இல் வின் ஹரிஸ் என்பாருடன் கென்யா மலையின் நெலியோன் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார். அங்கேதான் பில் ரில்மன் என்னும் மற்றொரு தோட்டக்காரர் அவருக்கு நண்பரானார். இருவரும் குணத்தில் வேறானவர். ரில்மன் சொற்செட்டுமிக்கவர், ஷிப்டனோ பேச்சிலும் நகையாடலிலும் இன்பங் காண்பவர். ஆனால், பெருஞ் செலவும் பெருங் கூட்டமும் மலைக்குப் பகை என்ற கொள்கையில் இருவரும் ஒன்றுபட்டனர்.

1931 இல் பிராங் ஸ்மைத்தின் தலைமையிலே 25,447 அடி உயரமுள்ள காமெற் சிகரத்தில் ஷிப்டன் கால் வைத்தார். அதுவரை மனிதர் உச்சிவரை ஏறிய சிகரங்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை. 1934 இல் அவரும் ரில்மனும் ஆங்தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷேர்ப்பாக்களும் செய்த பயணமே அவருடைய வாழ்வின் சிறந்த காரியமென்பது எம் கருத்து. நந்தாதேவிச் சிகரத்தைச் சூழ மலைகள் கோட்டை மதில்போல் நிற்கின்றன. அம்மதிலுக்குள்ளே எவரும் அதுவரை புகுந்ததில்லை. ஒரேயொரு வாயில், ரிஷி கங்கை அறுத்துச் செல்லும் ஆழ்ந்த மலையிடுக்கு. கால் வைக்கவும் இடமற்ற பாறை விளிம்புகளில் மூட்டைகளைக் கயிற்றிற் கட்டி இறக்கியும் ஏற்றியும் நாட்கணக்காக முன்னேறி அவ்வைவரும் உள்ளே சென்றனர். ஐந்து மாதங்கள் நீடித்த அந்தப் பயணத்துக்கான மொத்தச் செலவு 300 பவுணுக்கும் குறைவே. சிகரத்தில் ஏறுவது அவர்களுடைய நோக்கமன்று. மலைகளுக்கு அப்பால் என்ன உண்டு என்று பார்ப்பதே நோக்கம். பின்னர் 1938 இல் ஷிப்டன் வெளியிட்ட நூலொன்றின் பெயரே வரைபடத்திலுள்ள வெற்றிடத்தைக் குறிப்பது.

1935 இல் எவரெஸ்டின் வடபுறத்தை ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். அக்குழுவினர் 20,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் 26 இல் ஏறினர். அந்த ஆண்டிலே சுமையாளர்களைத் தெரிந்தெடுக்கும்போது, அனுபவ அத்தாட்சி ஏதுமற்ற இளைஞனொருவனை அவனுடைய புன்சிரிப்பின் பொருட்டே சேர்த்துக்கொண்டார். அவ்விளைஞன் டென்சிங் நோர்கே.

இனி, பனிமனிதனின் கதைக்கு வருவோம். ஷேர்ப்பாக்கள் யெட்டி என்று ஒன்றைப் பற்றித் தம் முன்னோர் காலந்தொட்டே பேசி வந்தனர். மேல்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அது 1921 இலேயே சுவையான செய்தியாயிற்று. அவ்வாண்டு எவரெஸ்ட் பகுதிக்குச் சென்ற ஹோவார்ட்-பெரி என்பார் உயர்ந்த பனிவெளியொன்றில் பெரிய சுவடுகளைக் கண்டார். அவை ஓநாயினுடையவை என்பதே அவருடைய எண்ணம். சுமையாளர்களோ வேறு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரைக் கல்கத்தாப் பத்திரிகையாளர் ஒருவர் தம் விருப்பப்படி மொழிபெயர்த்து, வெறுக்கத்தக்க பனிமனிதன் என்று உலகிற்கு வழங்கினார். மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை எத்துணைத் தூரம் ஓடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. 1937 இல் ஸ்மைத் கார்வால் மலைகளில் இத்தகைய சுவடுகளைக் கண்டு, படமெடுத்து, அளந்து இலண்டனுக்கு அனுப்பினார். அவை கரடியின் சுவடுகளென நிபுணர் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டில் காரகோரத்தில் சுவடுகளைக் கண்டிருந்த ரில்மனோ, ஸ்மைத் கண்டது கரடியாயிருக்கலாம், எல்லாஞ் சுவடும் கரடியாகுமோ என்று பத்திரிகையிலும் நூலிலும் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் வாதாடினார். ஷிப்டனுடைய நண்பர் இருவருமே வழக்கின் இரு பக்கத்தில் நின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

போர்க்காலத்திலும் அதன் பின்னும் ஷிப்டன் காஷ்கரில் இரு முறை பிரித்தானியக் கொன்சலாகப் பணியாற்றினார். பின்னர் சீனாவின் குன்மிங்கிலும் இருந்தார். 1951 இல் தாயகந் திரும்பியதும் நேபாளத்தினூடாக எவரெஸ்டை அணுகும் குழுவுக்குத் தலைமை தாங்குமாறு கேட்கப்பட்டார். நியூசிலாந்தர் இருவரையும் சேர்த்துக்கொள்ள இசைந்தார். முன்பு அந்நாட்டவர் ஒருவருடன் மலையேறிய நல்ல நினைவே காரணம். அவ்விருவருள் ஒருவர் எட்மண்ட் ஹிலறி. செப்டெம்பர் இறுதியில் ஷிப்டனும் ஹிலறியும் பூமோரி மலைச் சரிவில் ஏறி நின்று, எவரெஸ்டின் மேற்குப் பள்ளத்தாக்கினூடே சிகரத்தை நோக்கிச் செல்லும் வழியைக் கண்ணாரக் கண்டனர்.

அப்பணி முடிந்தபின் குழுவினர் பிரிந்து, அறியாத பள்ளத்தாக்குகளை ஆராயச் சென்றனர். ஷிப்டனும் வைத்தியர் மைக்கேல் வார்டும் சென் டென்சிங் என்ற ஷேர்ப்பாவும் ஒரு கணவாயைக் கடந்து மென்லுங் பள்ளத்தாக்கில் இறங்கினர். நவம்பர் 8 ஆந் திகதி பிற்பகலில் அங்குள்ள பனியாற்றின்மேல் சுவடுகளின் நிரையொன்று அவர்கள் கண்ணிற் பட்டது. பனி தடித்திருந்த இடங்களில் அவை உருக்குலைந்திருந்தன. கட்டியான பனிக்கட்டியின்மேல் மெல்லிய பனி படிந்திருந்த இடத்தில் ஒரு சுவடு மிகத் தெளிவாக இருந்தது. ஏறக்குறைய 13 அங்குல நீளம், 8 அங்குல அகலம். பருத்த பெருவிரல், அதனை அடுத்து இன்னொரு பெரிய விரல், பின்னர் சிறு விரல்கள். அளவு தெரிவதற்காகப் பனிக்கோடரியை அருகில் வைத்து ஒரு படமும், வார்டின் சப்பாத்துக் காலை அருகில் வைத்து ஒரு படமும் எடுத்தனர். சுவட்டு நிரையைத் தொடர்ந்து ஏறத்தாழ ஒரு மைல் சென்றனர். பனிப்பிளவைத் தாண்டிய இடத்தில், தாவிய பிராணி விரல்களை ஊன்றிய அடையாளம் இருந்ததாக ஷிப்டன் எழுதினார். சென் டென்சிங்குக்கு ஐயமே எழவில்லை. தியாங்போச்சே மடத்தின் அருகே இரண்டாண்டுக்கு முன் யெட்டி ஒன்றைத் தாம் 25 யார் தூரத்திற் கண்டதாகவும், அது செம்பழுப்பு மயிரும் மயிரற்ற முகமுமுடையதென்றும் அவர் சொன்னார். ஷிப்டன் அவரைப் பலமுறை வினாவிப் பார்த்தும் அவருடைய நேர்மையிற் குறை காணவில்லை.

டிசெம்பர் மாதத்தில் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகை படங்களை வெளியிட்டது. அதுவரை கதையாயிருந்ததற்கு ஓர் உருவம் கிடைத்துவிட்டது. நூதனசாலை அறிஞர் சிலர் குரங்கென்றனர், சிலர் கரடியென்றனர், அறியப்படாத வாலில்லாக் குரங்கினம் என்று அடித்துச் சொன்னாரும் உளர். 1954 இல் பத்திரிகையொன்று தனிப் படையே அனுப்பியது. ரெக்சாஸ் எண்ணெய்ச் செல்வர் ரொம் சிலிக் 1957 முதல் ஆட்களை அனுப்பித் தேடுவித்தார். நேபாள அரசாங்கம் யெட்டி தேடுவோருக்கு அனுமதிக் கட்டணமும் விதித்தது. அமெரிக்காவிலும் 1958 இல் கலிபோர்னியாக் காட்டுப் பாதையொன்றிற் பெருஞ் சுவடுகள் தோன்றிப் பெருங்காலன் என்ற பெயர் பிறந்தது. அச்சுவடுகளை மரத்திற் செதுக்கிய பாதங்கள் கொண்டு பதித்தவர் தம் தந்தையே என ஒரு குடும்பத்தார் 2002 இல் வெளியிட்டனர். ஹிலறியின் தலைமையில் 1960-61 இல் சென்ற ஆராய்ச்சிக் குழு, கும்ஜுங் கிராம மடத்திலிருந்த யெட்டித் தலைத்தோலை இரவல் பெற்று ஆராய்வித்தது. அது செரோ என்னும் ஆட்டினப் பிராணியின் தோலால் ஆக்கப்பட்டது.

இக்காலத்தில் ஷிப்டனுடைய வாழ்வோ சரிந்தது. 1952 இல் சோ ஓயூ மலையில் அவர் தலைமையிற் சென்ற குழு சிகரத்தை எட்டாது திரும்பிற்று. அடுத்த ஆண்டு எவரெஸ்ட் முயற்சிக்கு முதலில் அவரையே தலைவராக்கிய குழுவினர், பின்னர் மனமாறி, ஜோன் ஹண்டை நியமித்தனர். பெரும் படைபோன்ற ஏற்பாடுகளில் விருப்பமில்லை என்று தாமே ஒளிவின்றிச் சொன்ன ஒருவரை அவர்கள் நம்பத் தயங்கியது விளங்கக்கூடியதே. ஆனால் அது செய்யப்பட்ட முறை அழகானதன்று. 1953 மே 29 ஆந் திகதி சிகரத்தில் நின்ற இருவரும், ஷிப்டன் தெரிந்தெடுத்த அந்தப் புன்சிரிப்பு இளைஞரும் அவர் சேர்த்துக்கொண்ட அந்த நியூசிலாந்தருமே. தொடர்ந்து குடும்பமும் பிரிந்தது, வேலையும் போயிற்று. சிறிது காலம் சொறொப்ஷயரில் மரம் வெட்டும் தொழிலாளியாகவும் வாழ்ந்தார். ஐம்பது வயதை எட்டிய பின் மீண்டும் எழுந்து தென்னமெரிக்காவின் பற்றகோனியாவுக்குச் சென்றார். 1960-61 இல் மூன்று தோழருடன், புயல் ஓயாத அப்பனிப் பீடத்தை 52 நாளில் நெடுக்காகக் கடந்தார். 1977 மார்ச் 28 ஆந் திகதி காலமானார்.

அவர் பதிலளிக்க முடியாத நாளிலேதான் குற்றச்சாட்டு வந்தது. 1989 இல் பிரித்தானியப் பத்திரிகையாளர் பீற்றர் கில்மன், அந்தத் தெளிவான சுவடு ஷிப்டன் தம் கையாலேயே திருத்தியமைத்த வேடிக்கை என எழுதினார். ஷிப்டன் குறும்பில் நாட்டமுள்ளவர் என ஹிலறியும் கூறியிருக்கிறார். வேறொரு குறையும் இருந்தது. தெளிவான சுவட்டுடன் வெளிவந்த சுவட்டு நிரையின் படம், அதே பிராணியினுடையதன்று. அது அன்று முன்னேரத்திற் கண்ட வேறொரு தடம், பெரும்பாலும் மலையாட்டினது என்பது, குரங்கினவியல் அறிஞர் ஜோன் நேப்பியர் 1970 களின் முற்பகுதியிற் செய்த விசாரணையில் தெளிவாயிற்று. இருபது ஆண்டுகள் அறிஞர்கள் ஒன்றோடொன்று சேராத இரு படங்களைச் சேர்த்து வைத்தே வாதாடியிருக்கின்றனர்! இதனை ஷிப்டன் முன்னரே உரக்கச் சொல்லியிருத்தல் வேண்டும். இங்கே அவரை முற்றாக விடுவிக்க எம்மால் இயலவில்லை.

எனினும் சுவட்டையே அவர் செய்தாரென்பது வேறு செய்தி. உடனிருந்த வார்ட், ஷிப்டனுக்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தவர். எவரெஸ்ட் வைத்திய ஆராய்ச்சியில் மதிக்கப்பட்டவர். தோழரைக் காக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லாத முதுமையிலும், தாம் கண்டது கண்டபடி உண்மையென்றே அவர் கூறினார். அதே வேளையில் அது யெட்டி என்று அவர் சாதிக்கவுமில்லை. மலைவாசி ஒருவரின் ஊனமுற்ற வெறுங்கால் பதிந்ததாகலாம் என்று 1997 இல் எழுதினார்.

2017 இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லற் லின்ட்குவிஸ்ட் குழுவினர், யெட்டியினுடையவை எனப் பேணப்பட்ட எலும்பு, தோல், மயிர் முதலிய ஒன்பது மாதிரிகளின் பரம்பரை அணுவை ஆராய்ந்தனர். எட்டு, கரடிகளுடையவை, எஞ்சியது நாயினது. கரடி நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காற் சுவட்டின்மேல் ஓரளவு பொருந்தி விழும். இரண்டுஞ் சேர்ந்து நீண்ட ஒற்றைப் பாதம்போலத் தோன்றும். வெயில் அதனை உருக்கி மேலும் அகலமாக்கும். மென்லுங் சுவடு இவ்வாறுண்டானது என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. நகக்குறி ஏன் தெளிவாயில்லை என்று நேப்பியரைப் போன்றோர் கேட்ட கேள்விக்கு முழு விடை இல்லையென்பதையும் ஒப்புக்கொள்வோம்.

பிராணி உண்டா என்ற கேள்வியையும் ஷிப்டன் பொய்யரா என்ற கேள்வியையும் ஒன்றாக முடிந்து வைத்ததே இந்த வழக்கின் பெருங் குழப்பம். யெட்டி உண்டென்போருக்கு அவர் பிழைபடாத சாட்சியாகத் தேவைப்பட்டார். இல்லையென்போருக்கு அவர் குறும்பராகத் தேவைப்பட்டார். கரடியின் சுவட்டைக் கண்டு, வியந்து, படமெடுத்து, உடனிருந்த ஷேர்ப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதிய ஒருவர் இவ்விரு சாராருக்கும் பயன்படவில்லை.

அந்தச் சுவடுகளைக் கண்டோர் மூவர் மட்டுமல்லர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சில நாட்களின் பின் அதே வழியாய் மரேயும் போர்டிலனும் வந்தனர். ஷிப்டன் சென்ற தடத்தின் அருகே அந்நிரை அப்பொழுதும் இருந்தது. வெயிலும் காற்றும் விளிம்புகளைக் கரைத்துவிட்டிருந்தன. அவர்கள் கண்டவை, எந்தப் பிராணியின் அடியென்று சொல்ல இயலாத அகன்ற குழிகள்.