அலவெட்டெலிப் போதகர்

பிரதேச சபையொன்று போட்ட வீதிக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டு இன்று நம்மில் எவரும் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இத்தகைய சட்டங்களின் வேரைத் தேடிப் போனால், 250 ஆண்டுகளுக்கு முன்னர் பின்லாந்தின் குக்கிராமமொன்றில் ஊழியம் செய்த லூதரன் போதகர் ஒருவரிடம் போய் நிற்போம்.

ஆண்டர்ஸ் சிடேனியஸ் 1729 பெப்ரவரி 26இல் சொட்காமோவில் பிறந்தார். தந்தையும் போதகர். பின்லாந்து அப்போது சுவீடனின் ஆட்சியில் இருந்தது. 1753இல் அலவெட்டெலி என்ற சிற்றூருக்கு உதவிப் போதகராக வந்தவர், பிரசங்கத்தோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தைத் திருத்தினார், உருளைக்கிழங்கு பயிரிட்டார், பெரியம்மைக்கு எதிராக ஊராருக்கு அம்மைப்பால் குத்தினார்.

அவரை அரசியலுக்கு இழுத்தது தார். அப்பகுதி விவசாயிகள் காட்டு மரத்தை எரித்துத் தார் எடுத்தார்கள். கப்பல் கட்டும் நாடுகளெல்லாம் அதை விரும்பி வாங்கின. ஆனால் பொத்னியா வளைகுடாவின் கரையோர நகரங்கள் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சரக்கு தலைநகர் ஸ்டொக்ஹோமுக்குப் போகவேண்டும். விலையை அங்குள்ள வணிகர்கள் தீர்மானிப்பார்கள். உற்பத்தி ஒரு ஊரில், இலாபம் இன்னொரு ஊரில். இது நமக்குப் பழகிய கதைதான்.

1765இல் கீழ்நிலைப் போதகர்களின் பிரதிநிதியாக அவர் நாட்டின் சட்டசபைக்குச் சென்றார். அவ்வாண்டே சில கரையோர நகரங்களுக்குக் கப்பலோட்டும் உரிமை கிடைத்தது. அதற்கு அவருடைய வாதங்கள் பெரிதும் உதவின. தேசத்தின் இலாபம் பற்றிய அவரது சிறுநூலும் அப்போதுதான் வெளிவந்தது. அடம் சிமித்தின் புகழ்பெற்ற பொருளியல் நூல் வெளிவர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.

ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றுள் பெரியது அதுவல்ல. அக்காலத்தில் நூல்கள் அச்சாகும் முன் அரச தணிக்கையாளரின் கைக்குப் போகவேண்டும். அரச ஆவணங்களோ பூட்டிய பெட்டிகளில். ஆள்வோர் செய்வதை மக்கள் அறியாவிட்டால் எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது என்பது சிடேனியஸின் வாதம். சட்டசபைக் குழுவில் அதற்காக அவர் ஓயாமல் உழைத்தார். 1766 டிசெம்பர் 2இல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. சமய நூல்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்குத் தணிக்கை ஒழிந்தது. நீதிமன்றங்களினதும் அரச அலுவலகங்களினதும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அச்சிடவும் குடிமக்களுக்கு உரிமை வந்தது. உலகில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது அதுவே.

அந்த நாளில் அவர் சபையில் இல்லை என்பதுதான் வேதனை. தனது சொந்தக் கட்சியின் நாணயக் கொள்கையைக் கண்டித்து அச்சிட்ட சிறுநூலுக்காகச் சில மாதங்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார். வெளியே தள்ளியவர்கள் எதிரணியினர் அல்லர், கூட இருந்தவர்கள்தான்.

சட்டத்துக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1772இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் அதிகாரத்தைக் கைப்பற்றியபின் 1774இல் அது சுருக்கப்பட்டது. சிடேனியஸ் சோரவில்லை. 1778இல் மீண்டும் சபைக்கு வந்து, கூலியாட்கள் தம் கூலியைப் பேசித் தீர்மானிக்கும் உரிமைக்காகவும் பிறநாட்டவரின் மத சுதந்திரத்துக்காகவும் பேசினார். 1770 முதல் கொக்கோலாவில் தலைமைப் போதகராக இருந்த அவர், 1803 பெப்ரவரி 1இல் அங்கேயே காலமானார்.

இன்று பல நாடுகளில் குடிமக்கள் தம் நகரசபைகளிடம் இணையவழி தகவல் கேட்கப் பயன்படுத்தும் திறந்த மென்பொருளொன்று உண்டு. விண்ணப்பமும் பதிலும் அதில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். அதற்கு இட்ட பெயர் அலவெட்டெலி.