தந்தை சொற் காத்த ஆட்டவீரர்

விளையாட்டினாற் கல்வி கெடும் என்பது நம் பெரியோர் பலரின் கவலை. படிப்பின் பெயரால் விளையாட்டு பறிபோகின்றது என்பது நம் இளைஞர் பலரின் மனக்குறை. மாலை வேளைகளில் அக்கராயன் வெளிகளிற் பந்து உருளும்போதெல்லாம் இவ்வழக்கு எழவே செய்கின்றது. இவ்விரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய ஒருவர், சுதந்திர இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் உதைபந்தாட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வைத்திய கலாநிதி தாலிமேரன் ஆவோ அவர்கள்.

இந்தியாவின் வடகிழக்கு எல்லையிலுள்ள நாகா மலைநாட்டில், சாங்கி என்னும் சிற்றூரில், 1918 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் திகதி அன்னார் பிறந்தார். பிள்ளைகள் பலருள்ள குடும்பம். தந்தையார் கிறிஸ்தவ போதகர். இம்பூர் என்னும் ஊரில், துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்தே சிறுவன் ஆட்டம் பழகினான்.

மகன் வைத்தியனாகித் தம் மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்பது தந்தையாரின் பெருவிருப்பம். 1935 இல் நெருப்புக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. குடும்பம் தளர்ந்தது, தந்தையின் விருப்பமோ மகனின் நெஞ்சிற் கடனாக நின்றது.

ஜோர்காட் மிஷன் பாடசாலையிலும் குவாகாத்தி கொட்டன் கல்லூரியிலும் பயின்ற ஆவோ, 1942 இற் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியிற் புகுந்தார். அடுத்த ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் கழகம் அவரை ஏற்றது. பின்னர் அக்கழகத்தின் தலைவருமானார். பகலிற் பாடம், மாலையில் மைதானம் என வாழ்க்கை ஓடியது.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவின் தொடக்க அணிவகுப்பில், விடுதலை பெற்ற இந்தியாவின் கொடியை ஏந்தி முன் நடந்தவர் இந்த மலைநாட்டு மாணவரே. சூலை 31 ஆம் திகதி அவரது குழு பிரான்சை எதிர்த்தது. இந்திய வீரருட் பெரும்பாலோர் சப்பாத்தின்றி வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. சாரங்கபாணி இராமன் 70 ஆவது நிமிடத்தில் அதனைச் சமன் செய்தார். கிடைத்த தண்ட உதைகள் இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயிற் பிரான்ஸ் மீண்டும் ஒரு கோல் போட்டு, இரண்டுக்கு ஒன்றென வென்றது. தோற்றும் அக்குழுவினர் காண்போரின் மதிப்பைப் பெற்றனர்.

புகழ் உச்சியில் நின்ற அவ்வேளையிலும் அன்னார் புத்தகத்தைக் கைவிடவில்லை. 1950 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். கல்லூரியிற் புகுந்து எட்டாண்டுகள் சென்றன என்பதைப் பெரியோர் கவனித்திருப்பர். காலம் நீண்டதேயன்றி நோக்கம் மாறவில்லை.

கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் வசதிக்குக் குறைவிருந்திராது. எனினும் அவர் தம் மக்களிடம் மீண்டார். கோகிமாவில் வைத்தியராகப் பணிபுரிந்தார். ஆயுதப் போராட்டமும் இராணுவ நடவடிக்கைகளும் அம்மலைநாட்டை அலைக்கழித்த காலம் அது. போர்க்காலத்தில் ஒரு வைத்தியரின் வருகை எத்துணைப் பெரிது என்பதை வன்னி மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1963 இல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் சுகாதார சேவைப் பணிப்பாளரானார். 1978 இல் ஓய்வுபெற்று, 1998 செப்டெம்பரிற் காலமானார். அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 2018 இல் இந்திய அரசு முத்திரை வெளியிட்டது.

வெளியூருக்குக் கற்கச் சென்ற பிள்ளை வைத்தியராகவோ ஆசிரியராகவோ திரும்பி வரவேண்டும் என ஏங்காத குடும்பம் நம்மூரில் இல்லை. பந்து ஆவோவின் கல்வியைக் கெடுக்கவில்லை. கல்வி அவரை ஊரிலிருந்து பிரிக்கவுமில்லை. ஆகவே, பெரியோரே, பிள்ளைகளை மைதானத்துக்கு விடுங்கள். இளைஞரே, ஆட்டம் முடிந்ததும் விளக்கடிக்குச் செல்லுங்கள். கற்று முடித்ததும் ஊருக்குத் திரும்புங்கள்.